எட்டுப் பேர் மீது ஒரு புகார்

செத்துப்போன எட்டுப் பேர் மீது நான் ஒருமுறை போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். நியாயமாக இதை நான் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் போன வருடம் அந்த எட்டுப் பேரையும் மறுபடி பார்க்கும்படி ஆகிவிட்டது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. புகாரை முழுத்தாளில், மார்ஜின் விட்டு, நீல மையில் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே கடித வடிவம் லீவ் லெட்டர். அதனால் ‘ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று முடித்திருந்தேன். நடுவில் எட்டுக் குற்றவாளிகளின் அங்க அடையாளங்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் என்று என் சொந்தத் தாய்மாமனின் பெயரையும் மறக்காமல் சேர்த்திருந்தேன். உறவுக்காரர் என்பதற்காகச் சட்டம் வளையக் கூடாது என்பதில் அந்த வயதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

மாமாவின் வீடு திருவொற்றியூர் குப்பத்தில், கடலைப் பார்த்த வரிசையில் இருந்தது. நாங்கள் ராயபுரம். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. பள்ளி விடுமுறை விட்டால் என்னைப் பையும் கையுமாக மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே முன்னறையில் சாமி படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். முருகன், அங்காளம்மன், யாரோ கொண்டுவந்து கொடுத்த வேளாங்கண்ணி மாதா. மாதாவுக்கு அடுத்து எட்டு வெள்ளைக்காரர்கள்.

நாலு பேர் முன்னால் முட்டி போட்டிருப்பார்கள், நாலு பேர் பின்னால் நிற்பார்கள். அவர்களுக்கும் பின்னால் ஒரு பெரிய விமானத்தின் மூக்கும், விசிறி போல ஒரு இறக்கையும் தெரியும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அத்தை கண்ணாடியைத் துடைத்து, எட்டு நெற்றியிலும் அளந்து வைத்தது போலக் குங்குமம் வைப்பாள். பூச்சரம் போடுவாள். கற்பூரத் தட்டை முருகனுக்கு மூன்று சுற்று சுற்றினால் இவர்களுக்கும் மூன்று சுற்று.

இவர்கள் யார் என்று மாமாவைக் கேட்டேன். சொந்தக்காரர்கள் என்றார். மாமா நிலக்கரி நிறம். அத்தையைக் கேட்டேன். உன் மாமனுக்குப் படியளக்கிறவர்கள் என்றாள். அம்மாவைக் கேட்டதற்குக் கொழுக்கட்டையைக் கொடுத்து வாயை அடைத்தாள். ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னால் அங்கே குற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இதை நான் வாடகை நூலகத்துத் துப்பறியும் நாவல்களில் கற்றிருந்தேன். அந்த நாவல்களில் வெளிநாட்டுக்காரர்கள் கடல் வழியாக வருவார்கள். உள்ளூரில் ஒருவர் அவர்களுக்கு உதவுவார். அவர் எப்போதும் எல்லோருக்கும் நல்லவராக இருப்பார். மாமா எல்லோருக்கும் நல்லவர். போதாதா?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு மாமாவின் நடவடிக்கைகளை எழுத ஆரம்பித்தேன்.

நோட்டில் எழுத நிறைய இருந்தது. மாமாவிடம் சின்ன எஞ்சின் படகு ஒன்று. மற்றவர்கள் வலையோடு போனால் மாமாவும் பங்காளிகள் மூன்று பேரும் மாதத்தில் பாதி நாள் வெறும் தூண்டிலோடு போவார்கள். கூட்டத்தோடு கிளம்பமாட்டார்கள். திரும்பும்போது பெட்டி பெட்டியாகச் சங்கரா மீனும் பாறை மீனும் வரும், அதுவும் மற்ற படகுகள் காய்ந்து திரும்பும் நாளில். எங்கே பிடித்தாய் என்று யாராவது கேட்டால் மாமா கையைப் பொதுவாக வங்காள விரிகுடா முழுவதையும் காட்டி வீசுவார்.

இரண்டு முறை என்னையும் அழைத்துப் போயிருக்கிறார். படகில் ஏறியதுமே என்னைக் கடல் பக்கம் திருப்பி உட்கார வைத்துவிடுவார். கரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் காதைத் திருகுவார். கடலில் ஓர் இடத்தை மறுபடி கண்டுபிடிப்பதற்குக் கரையைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு புகைபோக்கியும் ஒரு கோபுரமும் ஒன்றின் பின்னால் ஒன்று மறைய வேண்டும், இன்னொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்கள் அதேபோல் சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் இடம். அதைத் தெரிந்துகொண்டவன் கையில் அந்த மீன் முழுவதும் இருக்கிறது. தம்பிக்கே சொல்லாமல் செத்துப்போனவர்கள் குப்பத்தில் உண்டு. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. ‘கரையைப் பார்க்க விடுவதில்லை. மர்மம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் வெள்ளைக்காரர் வந்தார்.

அறுபது வயதிருக்கும். ராயபுரத்து ஆங்கிலோ இந்திய டீச்சரம்மா ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு குப்பமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். டீச்சரம்மா கவுன் போட்டிருப்பார், ஆனால் மாமாவை விடச் சுத்தமான மெட்ராஸ் பாஷை பேசுவார். இந்த இரண்டு பேரும் ஒரு போட்டோவைக் காட்டி விசாரிக்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு முன்பே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. மாமா எழுந்து, ஸ்டூல் போட்டு, எட்டுப் பேரையும் சுவரிலிருந்து இறக்கினார். பின்கட்டில் வலைக் குவியலுக்கு அடியில் செருகினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக, திருட்டு முழியோடு தெரிந்தது. அங்கே ஒரு காலண்டரை மாட்டினார். காலண்டர் சின்னது. நாலு பக்கமும் வெள்ளை பிதுங்கியது.

வெள்ளைக்காரர் வந்து தம் பையிலிருந்து எடுத்துக் காட்டியது அதே போட்டோ. அதே எட்டுப் பேர், அதே விமானம், குங்குமம் மட்டும் இல்லை. மாமா அதை வாங்கி, கண்ணைச் சுருக்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, இப்படி யாரையும் தாம் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்றார். நான் கதவோரம் நின்று மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரோமம் அசையவில்லை. அத்தனை நாளும் எனக்குக் கொஞ்சம் சந்தேகத்தின் மீதே சந்தேகம் இருந்தது. அன்றோடு அது தீர்ந்தது. ஒரே படத்தின் இரண்டு பிரதி, ஒன்று இவரிடம், ஒன்று அவரிடம். நாவல்களில் இது பதினெட்டாம் அத்தியாயத்தில் வரும்.

அன்று மாலையே புகாரை எழுதினேன். மறுநாள் டீக்கடையில் எங்கள் பகுதி ஏட்டையா உட்கார்ந்திருந்தபோது கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். சிரிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன், சிரிக்கவில்லை. பின்வரிசையில் மூன்றாவது ஆளுக்குக் காது பெரிது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். தினமும் பார்க்கிறேனே என்றேன். விமானம் என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் போட்டோவில் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு டீயைக் கூட முடிக்காமல் எழுந்தார். சட்டம் தன் கடமையைச் செய்யக் கிளம்பிவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது. அந்த வெள்ளைக்காரருக்கு வேண்டிய ஒத்தாசை செய்யச் சொல்லி அவருக்கு மேலிடத்து உத்தரவு வந்திருந்ததும், காது பெரிய மூன்றாவது ஆளை அவர் வெள்ளைக்காரரின் கையில் ஏற்கெனவே பார்த்திருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏட்டையா, வெள்ளைக்காரர், டீச்சரம்மா மூவரும் வீட்டு வாசலில் நின்றார்கள்.

மாமா மறுபடியும் இல்லை என்றார். ஏட்டையா தொப்பியைக் கழற்றி, காகிதத்தை எடுத்து, கோர்ட்டில் படிப்பது போல முதலிலிருந்து கடைசி வரை படித்தார். ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்பதற்குப் பின்னால் என் பெயரையும் இனிஷியலையும் கூட விடவில்லை. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன்.

அப்போது அத்தை உள்ளே போனாள். வலைக்கு அடியில் தேடவில்லை. தெய்வங்களை வலைக்கு அடியில் வைக்க மனமில்லாமல் அன்றைக்கே தன் புடவைப் பெட்டிக்கு மாற்றிவிட்டிருக்கிறாள். படத்தை எடுத்துவந்து முந்தானையால் துடைத்தபடி மாமாவிடம் சொன்னாள்.

“ரெண்டு நாளா வெளக்கு இல்லாம கீறாங்க. ஒருத்தர் தேடிகினு வந்துகிறாரு. இல்லைன்னு சொல்ல உனுக்கு எப்டி வாய் வருது?”

வெள்ளைக்காரர் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எட்டு நெற்றியிலும் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பின்வரிசையில் மூன்றாவது முகத்தின் மேல் விரலை வைத்தார். விரலை எடுத்தபோது குங்குமம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எதையோ கெடுத்துவிட்டவர் போல அவர் பதறி அத்தையைப் பார்க்க, அத்தை புதிதாக ஒரு பொட்டு வைத்துச் சரிசெய்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவருக்கும் காது பெரியது. ‘அதே கும்பல். உறுதி’ என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் மாமா பேசினார். டீச்சரம்மா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். உலகச் சண்டைக் காலத்தில் மாமாவின் அப்பா கட்டுமரத்தில் இருந்தபோது, ஒரு விமானம் புகையோடு வந்து தூரத்தில் கடலில் இறங்கியதைப் பார்த்திருக்கிறார். துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்வதற்குள் எண்ணெய்ப் படலம்தான் மிச்சம். மூன்றாம் நாள் ஒருவரின் உடல் மட்டும் கரை ஒதுங்கியது. மீசைக்காரர். பட்டாளத்து லாரி வந்து அவரைக் கொண்டுபோனது. அவர் சட்டைப் பையில் மெழுகுத் துணிக்குள் இருந்த போட்டோ கரையிலேயே விழுந்து கிடந்தது. மற்ற ஏழு பேரும் வரவே இல்லை. அடுத்த வருடம் அந்த இடத்தில் மீன் கட்ட ஆரம்பித்தது. இரும்புக் கூட்டைச் சுற்றி மீன் வந்து தங்கும். அன்றிலிருந்து நாலு வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. தூண்டில் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் போடுவார்கள்.

வெள்ளைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. மாமாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

“அத்த மட்டும் கேக்காதீங்க டீச்சரம்மா. எடத்த சொன்னா நாளிக்கு கப்பல எட்த்துகினு வருவானுங்கோ. கொக்கி போட்டு இஸ்துகினு பூடுவானுங்கோ. நாங்க நாலு வூடு இன்னா பண்றது?”

டீச்சரம்மா கேட்டுச் சொன்னார். “இஸ்துகினு போவ வரலையாம்பா. அவங்க அம்மா சாவற வரிக்கும் கேட்டுகினே இருந்துச்சாம், சின்னவன் எங்க கீறான்னு. ஒரு தபா பாத்துட்டுப் போய்டுறேன்றாரு.”

மாமா தரையில் விரலால் இரண்டு கோடு போட்டு அழித்தார். எனக்கு அவர் முகம் பிடிபடவில்லை. திட்டம் போடுகிறார் என்று நினைத்தேன். கடைசியில், காட்டுகிறேன், ஆனால் என் மருமகனுக்கு உள்ள சட்டம்தான் அவருக்கும் என்றார். கடலைப் பார்த்து உட்கார வேண்டும். கரையைப் பார்க்கக் கூடாது. வெள்ளைக்காரர் தலையாட்டினார். வீட்டுச் சுவரில் படத்தை மாட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி, ஜன்னல் வரக் கூடாது என்றார் மாமா. ஜன்னல் வழியாகக் கடல் தெரியும். அத்தை பூச்சரம் போட்டுப் படத்தைக் கையில் பிடித்துக்கொள்ள, வெறும் சுவரை வைத்து எடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். என்னையும் ஏற்றிக்கொண்டார் மாமா. வீட்டில் விட்டால் இன்னொரு புகார் எழுதுவேன் என்று பயந்திருக்கலாம். வெள்ளைக்காரரும் நானும் பக்கத்தில் பக்கத்தில், கரைக்கு முதுகு காட்டி, வகுப்பில் தண்டனை வாங்கிய இரண்டு பையன்களைப் போல உட்கார்ந்திருந்தோம். டீச்சரம்மா எஞ்சின் பக்கம் ஒரு துண்டால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மாமா நேராகப் போகவில்லை. வடக்கே எண்ணூர் பக்கம் போனார், திரும்பினார், கிழக்கே போனார், மறுபடி தெற்கே வளைந்தார். அரை மணியில் போகும் இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் சுற்றினார். ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்தினார்.

தண்ணீர் எல்லா இடத்தையும் போலத்தான் இருந்தது. எனக்குப் பெரிய ஏமாற்றம். இது நிஜமான இடமே இல்லை, மாமா வெள்ளைக்காரரையும் ஏமாற்றுகிறார் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். மாமா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதையும் நான் நடிப்பு என்றே நினைத்தேன்.

வெள்ளைக்காரர் ஒரு காகிதத்தை எடுத்து எட்டுப் பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் மாமா டீச்சரம்மாவைப் பார்ப்பார், அவர் படத்தில் எந்த ஆள் என்று சொல்வார். மாமாவுக்கு அவர்களை அதுவரை மீசை, காதுக்காரன், குள்ளன், பல்லு காட்டுறவன் என்றுதான் தெரியும். அப்படித்தான் அவர் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மறுபடி சொன்னார். காதுக்காரனின் பெயர் மட்டும் கொஞ்சம் வந்தது. அத்தை கட்டிக் கொடுத்த பூவை வெள்ளைக்காரர் தண்ணீரில் விட்டார்.

திரும்பும்போது படகின் முகம் கரையைப் பார்த்து இருந்தது. வேண்டுமென்றால் அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம், புகைபோக்கி, கோபுரம், எல்லாம் எதிரே விரிந்து கிடந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். படகு மணலில் தட்டும் வரை திறக்கவில்லை. ‘தூங்குவது போல் பாசாங்கு’ என்று அன்று மாலை நோட்டில் எழுதினேன்.

மாமா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுவும் சந்தேகத்துக்கு உரியதாகவே இருந்தது. அதனால் விடுமுறை முடியும் வரை கண்காணிப்பைத் தொடர்ந்தேன். மாமா தினமும் படகை எடுத்தார். ஆனால் தூண்டிலை எடுக்கவில்லை. வலையோடு மற்றவர்களைப் போலத் தெற்கே போனார், மற்றவர்களைப் போலக் காய்ந்து திரும்பினார். எங்களைக் கூட்டிப்போன வடகிழக்குப் பக்கம் ஒரு நாளும் திரும்பவில்லை. பங்காளிகள் முணுமுணுத்தார்கள், அத்தை குழம்பில் கருவாடு போட்டாள். போலீஸ் கண்ணில் படாமல் இருக்கத் தலைமறைவாகிறார் என்று நான் குறித்தேன். பதினேழாம் நாள் காலையில் தூண்டில் கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று பெட்டி நிறையச் சங்கரா வந்தது. ‘பதினாறு நாள் தலைமறைவு. மீண்டும் தொழிலில்’ என்று எழுதி நோட்டை முடித்தேன்.

போன வருடம் மகள் வேலை பார்க்கும் ஊருக்கு, இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். எங்காவது கூட்டிப் போக வேண்டுமே என்று பழைய விமானக் கொட்டகை ஒன்றில் இருந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். சுவர் முழுவதும் குண்டு போடப் போன விமானங்களின் ஆட்கள். முட்டி போட்ட வரிசை, நின்ற வரிசை, பின்னால் விமானத்தின் மூக்கு. நூற்றுக்கணக்கான பேர், எல்லோரும் இருபது வயதுச் சிரிப்பு. நான் அந்த எட்டுப் பேரைத் தாண்டிப் போய்விட்டேன். நெற்றியில் பொட்டு இல்லாமல் அடையாளம் தெரியவில்லை. மகள்தான் கூப்பிட்டு, இது என்ன அப்பா, நம்ம ஊர் மாதிரி இருக்கிறதே என்று காட்டினாள். அந்தப் படத்துக்குக் கீழே இன்னொரு படம். அதே எட்டுப் பேர், குங்குமத்தோடும் பூச்சரத்தோடும். சட்டத்தின் ஓரத்தில் கண்ணாடி வளையல் போட்ட அத்தையின் கை.

கீழே நாலு வரி இருந்தது. விழுந்த இடம் குடும்பத்துக்குத் தெரியும் என்றும், அங்கே மீன் பிடிப்பவர்களுக்குக் கொடுத்த வாக்கின்படி இங்கே குறிப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டது எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. அதோடு இன்னொன்றும். எங்கள் குப்பத்தில் யாராவது கடலில் போய்விட்டால், பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை அவர் விழுந்த பக்கம் வீட்டுக்காரர்கள் தூண்டில் போடமாட்டார்கள். தமிழ்நாட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு அது. நான் அதை நாள் தவறாமல் எண்ணி, தேதி போட்டு, அடிக்கோடிட்டு, தலைமறைவு என்று எழுதியிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் மாமாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். படகு இப்போது அவர் பிள்ளைகளிடம். செல்போனில் எடுத்துவந்த படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை போய் ஆறு வருடம் ஆகிறது. அப்புறம் கீழே என்ன எழுதியிருக்கிறது, இடத்தைப் போட்டுவிட்டார்களா என்று சந்தேகமாகக் கேட்டார். போடவில்லை என்று படித்துச் சொன்னேன். ம் என்றார்.

அந்தப் பதினாறு நாள் எதற்காக அந்தப் பக்கம் போகவில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது மாமா என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது. மாமா செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அது இஞ்சின் ரிப்பேரு நைனா. அந்தப் பக்கம் மட்டும் போவல.”